ஃப்ரிட்ஜ் கதவுக்கு கொண்டி போடறதுக்கு முன்னாடி

ஃப்ரிட்ஜ் கதவு சரியா மூடலைன்னா நிறைய பேருக்கு முதல்ல தோணுறது ஒரு கொண்டி வாங்கி அடிச்சுடலாம்ங்கிறதுதான். சைடுல ரெண்டு ஓட்டை, கதவுல ரெண்டு ஓட்டை, நாலு ஸ்க்ரூ, வேலை முடிஞ்சது. இப்படி செஞ்ச ஃப்ரிட்ஜ்களை நான் பாத்திருக்கேன், அதுல ஒண்ணுகூட உருப்படியா மூடினதா ஞாபகம் இல்ல. கொண்டி இருக்கிற இடத்துல மட்டும் கதவு கெட்டியா ஒட்டிக்கிட்டு நிக்கும், கீழ் மூலையில கைய வச்சா சில்லுனு காத்து வெளிய வந்துக்கிட்டே இருக்கும். கொண்டி போட்டவரு மட்டும் ரொம்ப திருப்தியா இருப்பாரு.

இதுல இன்னொரு ஆபத்தும் இருக்கு, அதை முதல்லயே சொல்லிடறேன். இப்ப வர்ற நிறைய ஃப்ரிட்ஜ்கள்ல பின்னாடி அந்த கறுப்பு கம்பி வலை, அதாவது கேஸ் ஓடி சூட்டை வெளிய விடுற குழாய், தெரியாது, கவனிச்சிருப்பீங்க. அது காணாம போகல, சைடு தகடுக்கு உள்பக்கமா ஒட்டி வச்சு மேல ஃபோம் ஊத்திட்டாங்க. அதனாலதான் ஃப்ரிட்ஜ் ஓடும்போது சைடுல கைய வச்சா வெதுவெதுன்னு இருக்கு. கதவு வந்து உக்கார்ற முன் ஃப்ரேம்லயும் பல மாடல்ல ஒரு சூடான குழாய் சுத்திப் போகும், அங்க வேர்த்து தண்ணி கோக்காம இருக்கறதுக்காக. இந்த ரெண்டு இடத்துலதான் நாம கொண்டிக்கு ஓட்டை போடப் போறோம். ட்ரில் பிட்டு குழாய்ல பட்டுச்சுன்னா கேஸ் மொத்தமா போயிடும், ஃபோமுக்குள்ள இருக்கிற குழாய்ல அந்த ஓட்டையை அடைக்கிறதும் லேசுப்பட்ட வேலை இல்ல, பெரும்பாலும் ஃப்ரிட்ஜையே தூக்கிப் போட வேண்டியதுதான். போதாததுக்கு இப்ப நிறைய வீட்டு ஃப்ரிட்ஜ்ல ஐசோபியூட்டேன்தான் குளிர்பதன வாயு, அது தீப்பிடிக்கிற வாயு. ட்ரில் மோட்டாரோட பொறி பறந்துக்கிட்டு இருக்கிற நேரத்துல அது முகத்துக்கு நேரா வெளிய வர்றது யாருக்கும் வேண்டாம்.

சரி, ஓட்டை போடாம ஒட்டுற வகை கொண்டி கிடைக்குதே, அதை போடலாமேன்னு கேக்கலாம். போடலாம். ஆனா எதுக்குன்னு தெரிஞ்சுக்கிட்டு போடணும். கதவு திறந்துக்காம பிடிச்சு வைக்கிறது ஒரு வேலை, காத்து புகாம அடைக்கிறது வேற வேலை. ஒரு காலத்துல இந்த ரெண்டையும் சேத்து லாட்ச், அதாவது கதவோடவே வர்ற தாழ்ப்பாள், அதோட தலையில கட்டியிருந்தாங்க, லாட்ச் ரெண்டாவது வேலையை அரைகுறையாதான் செஞ்சுது, அதுக்கு குடுத்த விலையும் ரொம்ப கொடூரமானது. அந்தக் கதைதான் இது.

முதல்ல அந்த இடுக்குல என்ன நடக்குதுன்னு பாத்துடலாம். குளிர்ந்த காத்து கனமானது. மைனஸ் 18 டிகிரியில ஒரு கன மீட்டர் காத்து சுமார் 1.38 கிலோ இருக்கும், 30 டிகிரியில அதே காத்து 1.16 கிலோதான். அதனால ஃப்ரிட்ஜுக்குள்ள இருக்கிற காத்து எப்பவும் கீழ வழி தேடிக்கிட்டே இருக்கும். கீழ ஒரு இடுக்கு, மேல ஒரு இடுக்கு கிடைச்சா போதும், கீழ குளிர் வழியும், அது விட்டுட்டுப் போற இடத்துக்கு மேல வழியா வெளிக்காத்து உள்ள வரும், இது நிக்காம ஓடும். சூடு உள்ள வர்றதைவிட பெரிய தொல்லை அதோட வர்ற ஈரம். அந்த ஈரம் எவாப்பரேட்டர் காயில், அதாவது உள்ள குளிர வைக்கிற குழாய், அது மேல போய் பனியா படியும், பனி படிஞ்ச காயில் குளிர்ச்சியை ஒழுங்கா கடத்தாது, தெர்மோஸ்டாட் இன்னும் குளிரலையேன்னு கம்ப்ரஸரை ஓட விட்டுக்கிட்டே இருக்கும், கரண்ட் பில்லு ஏறும். உள்ள இருக்கிற பொருட்கள் ஒரு பக்கம் உறைஞ்சும் ஒரு பக்கம் கெட்டும் போகும். ஒரு பேப்பர் நுழையிற அளவு இடுக்குதானேன்னு நாம நினைப்போம், ஆனா அது ராத்திரி பகலா திறந்தே கிடக்கிற இடுக்கு.

இந்த இடுக்கை அடைக்கிறதுக்கு அந்தக் காலத்துல வச்சிருந்த ஏற்பாடு ரப்பரும் லாட்சும். ஐஸ் கட்டியை வச்சு குளிர வைக்கிற மரப்பெட்டி காலத்துலயே லாட்ச் வந்துடுச்சு, பித்தளையில, நிக்கல் பூச்சுல எல்லாம் அழகழகா செஞ்சாங்க. அப்புறம் மின்சார ஃப்ரிட்ஜ் வந்தப்ப அதே ஏற்பாட்டை அப்படியே எடுத்துக்கிட்டாங்க. அமெரிக்காவுல 1927-ல ஜெனரல் எலக்ட்ரிக் கொண்டு வந்த மானிட்டர் டாப், அதாங்க தலைக்கு மேல வட்டமா கம்ப்ரஸர் உக்காந்திருக்கும், அதோட கதவுலயும் உருட்டி செஞ்ச மாதிரி ஒரு கனமான லாட்ச்தான். 1935-ல சியர்ஸ் கம்பெனியோட கோல்ட்ஸ்பாட் ஃப்ரிட்ஜை ரேமண்ட் லோவி வடிவமைச்சப்ப நீளமா செங்குத்தா ஒரு கைப்பிடி வச்சாரு, லேசா தொட்டாலே திறந்துக்கும், கையில சாமானோட வர்றவங்களுக்கு வசதி. அழகான வேலை, எனக்கு பிடிக்கும். ஆனா அந்த அழகெல்லாம் வெளிப்பக்கத்துக்கு மட்டும்தான்.

லாட்ச் வேலை செய்யிற விதம் ரொம்ப எளிமையானது, அதே நேரம் கெட்டிக்காரத்தனமானது. கதவுல நெம்புகோல் மாதிரி கைப்பிடி, அதோட இணைஞ்ச ஒரு நாக்கு, எதிர்ல ஃப்ரேம்ல ஒரு பிடி. அந்தப் பிடியோட முகம் நேரா இருக்காது, சரிவா இருக்கும். கதவை தள்ளும்போது நாக்கு அந்த சரிவுல ஏறும், ஏற ஏற கதவை உள்ளாற இழுக்கும், கதவைச் சுத்தி இருக்கிற ரப்பரை நசுக்கும், உச்சியைத் தாண்டினதும் டக்குனு விழுந்து பூட்டிக்கும். நசுங்கின ரப்பர் திரும்ப விரியப் பாத்து கதவை வெளிய தள்ளும், ஆனா அந்தத் தள்ளலே நாக்கை இன்னும் கெட்டியா பிடியில அழுத்தும். அதனால எவ்வளவு தள்ளினாலும் தானா விடாது. கைப்பிடியை இழுத்தா மட்டும்தான் நாக்கு விலகும். சில மாடல்ல நாக்குக்கு பதிலா சின்ன உருளை இருக்கும், தேய்மானம் குறையும்னு. சில பேரு பிடிக்கு அடியில மெல்லிசா தகடு வச்சு அதை முன்ன பின்ன நகத்திக்கிற மாதிரி செஞ்சிருப்பாங்க, ரப்பர் தேயத் தேய கொஞ்சம் கொஞ்சமா உள்ள தள்ளிக்கலாம்.

இப்ப அந்த ஏற்பாட்டோட அடிப்படைக் கோளாறுக்கு வருவோம். லாட்ச் இழுக்கிறது ஒரே ஒரு புள்ளியில. அடைக்க வேண்டியது கதவைச் சுத்தி ஓடுற ஒரு கோடு. 60 சென்டிமீட்டர் அகலம், 150 சென்டிமீட்டர் உயரம் உள்ள கதவுன்னு வச்சுக்குங்க, சுத்தளவு 4.2 மீட்டர். அந்த 4.2 மீட்டர்லயும் ரப்பர் ஒரே அளவு நசுங்கினாதான் சீல். ஒரு பக்கம் கீல் ரெண்டு இடத்துல பிடிச்சிருக்கு, எதிர்ப்பக்கம் நடுவுல லாட்ச் ஒரே இடத்துல இழுக்குது. நடுவுல நல்லா நசுங்கும், மேல் மூலையும் கீழ் மூலையும் லாட்ச் பக்கமா லேசா வெளிய வளையும், அங்க ரப்பர் தொட்டும் தொடாமலும் நிக்கும். மூலையையும் அடைக்கணும்னா ரெண்டு வழிதான். கதவை வளையாத அளவு கனமான இரும்புல செய்யணும், இல்லன்னா நடுவுல தேவைக்கு மேல பல மடங்கு இழுக்கணும். ரெண்டையும் செஞ்சாங்க. அதனாலதான் அந்தக் கால ஃப்ரிட்ஜ் கதவு பேங்க் லாக்கர் கணக்கா கனக்குது. நடுவுல அதிகமா நசுங்கின ரப்பர் சீக்கிரமே அப்படியே அமுங்கிப் போய் திரும்ப எழும்பாது, அப்புறம் லாட்சை இன்னும் இறுக்கணும், இறுக்கினா இன்னும் அமுங்கும். இன்னைக்கு கொண்டி அடிக்கிறவருக்கும் இதேதான் நடக்குது, அவரு கதவு அந்தக் கால இரும்புக் கதவுகூட கிடையாது, மெல்லிசு தகடும் பிளாஸ்டிக்கும் நடுவுல ஃபோமும்தான்.

உள்பக்கம் என்ன இருந்துச்சுன்னு நான் இன்னும் சொல்லல. ஒண்ணுமே இல்ல. வழவழன்னு எனாமல் பூசின சுவர். லாட்சோட எந்தப் பாகமும் உள்ள எட்டிப் பாக்காது, எட்டிப் பாத்தா அது வழியா சூடு போகும், துடைக்கவும் கஷ்டம். ஃப்ரிட்ஜுக்குள்ள இருந்து கதவை யாரு திறக்கப் போறா? அப்படின்னுதான் நினைச்சிருப்பாங்க.

பழைய ஃப்ரிட்ஜை புழக்கடையிலயும் காலி மனையிலயும் தட்டைக் கழட்டிட்டு போட்டு வச்சாங்க. ஒளிஞ்சு விளையாடுற பிள்ளைக்கு அதைவிட நல்ல இடம் எது. உள்ள போய் கதவை இழுத்தா நாக்கு தானா விழுந்துடும். கனமான இன்சுலேஷன், சத்தம் வெளிய வராது. காத்து புகாம இருக்கணும்னே செஞ்ச பெட்டி. 1940-கள்லயும் 50-கள்லயும் அமெரிக்காவுல இப்படி குழந்தைங்க சாகிறது திரும்பத் திரும்ப நடந்துச்சு, ரெண்டு மூணு பிள்ளைங்க ஒண்ணா உள்ள போன சம்பவங்களும் உண்டு. இதை எழுதும்போதே கை தயங்குது, ஆனா இதைத் தாண்டிட்டு லாட்ச் பத்தி பேச முடியாது.

கடைசியில சட்டமே போட வேண்டி வந்துச்சு. 1956 ஆகஸ்ட் 2-ம் தேதி அதிபர் ஐசனோவர் கையெழுத்துல ரெஃப்ரிஜரேட்டர் சேஃப்டி ஆக்ட் வந்துச்சு. ரொம்ப சின்ன சட்டம். வீட்டு உபயோக ஃப்ரிட்ஜ் எதுவா இருந்தாலும் உள்ள இருந்து கதவை சுலபமா திறக்க ஒரு வழி இருக்கணும், இல்லன்னா மாநிலம் விட்டு மாநிலம் விக்கக் கூடாது. மீறினா ஒரு வருஷம் வரைக்கும் ஜெயில், இல்ல 1000 டாலர் வரைக்கும் அபராதம், இல்ல ரெண்டும். எப்படி திறக்கணும், எவ்வளவு விசையில திறக்கணும்ங்கிற விவரத்தை எழுதற வேலையை வர்த்தகத் துறைகிட்ட விட்டாங்க. 1957 ஆகஸ்ட்ல அந்த விதி வெளியாச்சு, 1958 அக்டோபர் 30-க்கு அப்புறம் தயாரிக்கிற எல்லா ஃப்ரிட்ஜுக்கும் கட்டாயம் ஆச்சு.

விதியில இருக்கிற முக்கியமான எண் 15 பவுண்டு. கதவோட உள்பக்கம், லாட்ச் பக்க விளிம்புல எந்த இடத்துல தள்ளினாலும், 15 பவுண்டு விசைக்குள்ள திறந்துடணும். நம்ம கணக்குல 7 கிலோவுக்கும் கொஞ்சம் கம்மி. இல்லன்னா உள்பக்கம் ஒரு குமிழ் வச்சு அதை எந்தப் பக்கம் திருப்பினாலும் லாட்ச் விடுற மாதிரியும் செய்யலாம். இதுல எனக்கு பிடிச்ச ஒரு வரி, திறக்கிற ஏற்பாடு மின்சாரத்தை நம்பி இருக்கக் கூடாதுங்கிறது. குப்பையில கிடக்கிற ஃப்ரிட்ஜுக்கு ஏது கரண்டு! அந்த விதியை எழுதினவங்க ஃப்ரிட்ஜ் வீட்டுல இருக்கிற காலத்தை மட்டும் நினைக்கல, வீட்டை விட்டுப் போனதுக்கு அப்புறம் இருக்கிற காலத்தையும் நினைச்சிருக்காங்க.

அந்த விதியை எழுதறதுக்காகவே ஒரு ஆராய்ச்சி செஞ்சாங்க, 1958-ல பீடியாட்ரிக்ஸ்ங்கிற குழந்தை மருத்துவ இதழ்ல வந்துச்சு, கேத்தரின் பெயினும் இன்னும் ரெண்டு பேரும் எழுதினது. ரெண்டு வயசுல இருந்து அஞ்சு வயசு வரைக்கும் 201 குழந்தைங்களை ஃப்ரிட்ஜ் மாதிரியே செஞ்ச ஒரு பெட்டிக்குள்ள விட்டு, வெளிய இருந்து கவனிச்சுக்கிட்டே, என்ன செய்யிறாங்கன்னு பாத்தாங்க. இன்னைக்கு இப்படி ஒரு ஆராய்ச்சிக்கு யாராவது அனுமதி குடுப்பாங்களான்னு எனக்கு சந்தேகம்தான். முக்கால்வாசி குழந்தைங்க மூணு நிமிஷத்துக்குள்ள வெளிய வந்துட்டாங்க, தானாவோ இல்ல மத்தவங்க திறந்து விட்டோ. ஆனா மொத்தத்துல 24 சதவீதம் பேரு ஒண்ணுமே செய்யாம, இல்லன்னா பேருக்கு ஏதோ செஞ்சுட்டு, அப்படியே இருந்துட்டாங்க. 39 சதவீதம் பேரு திறக்கணும்னு தெரிஞ்சு முயற்சி செஞ்சாங்க, 37 சதவீதம் பேரு உதைச்சு மோதி கலாட்டா பண்ணினாங்க. என்னை உலுக்கினது இன்னொரு விவரம். ரெண்டு வயசுக் குழந்தைங்கள்ல 6 சதவீதம்தான் சத்தமே போடாம இருந்தது, அஞ்சு வயசுல அது 50 சதவீதம். பெரிய பிள்ளைன்னா கத்தும், காதுல விழும்னு நாம நம்புறோம் இல்லையா, பாதி பேரு கத்தவே மாட்டாங்க.

அதனால திறக்கிற ஏற்பாடுங்கிறது குழந்தை கண்டுபிடிச்சு இயக்க வேண்டிய ஒண்ணா இருக்கக் கூடாது. பதறிப் போய் எங்க மோதினாலும், எங்க சாஞ்சாலும் திறக்கணும். குமிழ் வச்சா அதைத் திருப்பணும்னு தோணணும், இருட்டுல கைக்கு தட்டுப்படணும். வெறுமனே தள்ளினா திறக்கிற கதவுக்கு அந்தக் கவலை இல்ல.

இந்த இடத்துலதான் காந்தம் வருது. இந்த சட்டம் வந்துதான் காந்தக் கதவைக் கட்டாயம் ஆக்குச்சுன்னு நிறைய பேரு சொல்லுவாங்க, அது சரியில்ல. சட்டத்துல காந்தம்ங்கிற பேச்சே கிடையாது, உள்ள இருந்து திறக்கணும், அவ்வளவுதான். காந்தப் பட்டையோட ஃப்ரிட்ஜ் 1950-களின் நடுவுலயே கடைக்கு வந்தாச்சு. சட்டத்துக்கு ஏத்த மாதிரி லாட்சை மாத்தி மாத்தி செய்யறதைவிட லாட்சையே தூக்கிட்டு காந்தத்தை வச்சா மலிவு, பாகமும் கம்மின்னு கம்பெனிங்க சீக்கிரமே புரிஞ்சுக்கிட்டாங்க. நல்லது நடக்கிறதுக்கு நல்ல மனசு மட்டும் போதாது, சில சமயம் மலிவாவும் இருக்கணும்.

அந்தக் காந்தம் சாதாரண இரும்புக் காந்தம் இல்ல. ஃபெரைட்டுன்னு ஒரு பீங்கான் வகை, பேரியம் இல்ல ஸ்ட்ரான்சியம் கலந்த இரும்பு ஆக்சைடு. இதைப் பொடியாக்கி ரப்பர்லயோ பிளாஸ்டிக்லயோ கலந்து பிழிஞ்சு நாடாவா எடுத்துட்டா வளையிற காந்தம் கிடைச்சுடும். கதவு மூலையில வெட்டி ஒட்டலாம், துருப்பிடிக்காது, விலை ரொம்ப கம்மி. இந்த நாடாவை மெத்துன்னு இருக்கிற பிவிசி உறைக்குள்ள நுழைச்சு, அந்த உறைக்கு பின்னாடி துருத்தி மாதிரி மடிப்பு வச்சு, மூலையை சூட்டுல ஒட்டவச்சு சட்டமா செஞ்சா அதுதான் கேஸ்கெட். எல்லாரும் டோர் ரப்பர்னு சொல்றோம், உள்ள ரப்பர் இருக்கோ இல்லையோ.

இங்கதான் லாட்சால முடியாததை காந்தம் செஞ்சுச்சு. இழுக்கிற விசை ஒரு புள்ளியில இல்ல, 4.2 மீட்டர் முழுக்க சின்ன சின்னதா பரவிக் கிடக்கு. ஒவ்வொரு சென்டிமீட்டரும் தன்னோட இடத்தை தானே பாத்துக்குது. கதவு கொஞ்சம் வளைஞ்சிருந்தாலும் பரவாயில்ல, அந்த துருத்தி மடிப்பு நீண்டு காந்தத்தை ஃப்ரேம் வரைக்கும் போக விடும். முன்னாடி கதவை இழுத்து ரப்பரை நசுக்கினோம், இப்ப ரப்பரே எழும்பிப் போய் ஃப்ரேமை பிடிச்சுக்குது, கதவை யாரும் இழுக்க வேண்டியதில்ல. கதவை லேசா செஞ்சுக்கலாம். திறக்கிறதும் சுலபம், ஏன்னா மொத்த காந்தத்தையும் ஒரே நேரத்துல பிரிக்கணும்னு இல்ல, ஒட்டின ஸ்டிக்கரை ஓரத்துல இருந்து உரிக்கிற மாதிரி ஒரு பக்கத்துல ஆரம்பிச்சு வரிசையா விட்டுக்கிட்டே வரும். வெளிய இருந்து இழுத்தாலும் அப்படித்தான், உள்ள இருந்து தள்ளினாலும் அப்படித்தான்.

காந்தத்துக்கு ஒரே ஒரு பலவீனம், தூரம். ஒட்டி இருக்கும்போது நல்லா பிடிக்கும், ஓரிரண்டு மில்லிமீட்டர் விலகினா பிடி சட்டுனு விழுந்துடும். அதனால ஒரு மூலை விலகி நிக்குதுன்னா அது தானா போய் ஒட்டிக்காது, யாராவது தள்ளி விடணும். கொண்டி போடணும்ங்கிற யோசனை பிறக்கிறதும் இந்த சமயத்துலதான்.

கொண்டி ஆசையைத் தூண்டிவிடுற இன்னொரு விஷயமும் உண்டு. ஃப்ரீஸர் கதவை மூடிட்டு உடனே திறந்து பாருங்க, கெட்டியா பிடிச்சுக்கும், ரெண்டு கையாலயும் இழுக்கணும். நல்ல புது ஃப்ரிட்ஜ்ல இது ரொம்ப நல்லா தெரியும். திறந்தப்ப உள்ள போன சூடான காத்து, கதவு மூடினதும் மளமளன்னு குளிரும், குளிர்ந்தா சுருங்கும், உள்ள அழுத்தம் குறையும், வெளிக்காத்து கதவை அமுக்கும். கணக்கு போட்டுப் பாத்தா ஆச்சரியமா இருக்கும். உள்ள இருக்கிற காத்து மூணு டிகிரி குளிர்ந்தாலே அழுத்தம் ஒரு சதவீதம் குறையணும், அதாவது சுமார் 1000 பாஸ்கல். 60-க்கு 70 சென்டிமீட்டர் ஃப்ரீஸர் கதவுன்னா அது மேல 420 நியூட்டன், 43 கிலோ எடை வச்ச மாதிரி. கீல் ஒரு பக்கம் தாங்குறதால கைப்பிடியில பாதி தெரியும். நிஜத்துல அவ்வளவு வராது, கேஸ்கெட் வழியாவும் பனி உருகின தண்ணி வெளிய போற ட்ரெயின் குழாய் வழியாவும் காத்து மெதுவா உள்ள கசிஞ்சு சமன் ஆயிடும், கொஞ்ச நேரம் பொறுத்தா கதவு சாதாரணமா திறக்கும். இப்படி பிடிச்சுக்கிறது கேஸ்கெட் நல்லா இருக்குங்கிறதுக்கு அத்தாட்சி. பழைய ஃப்ரிட்ஜ்ல இந்தப் பிடி காணாம போச்சுன்னா பூட்டு தேய்ஞ்சு போச்சுன்னு சில பேரு நினைக்கிறாங்க. பூட்டுன்னு ஒண்ணு அங்க இருந்ததே இல்ல, எங்கயோ காத்து கசியுது, அவ்வளவுதான்.

கசியிற இடத்தைக் கண்டுபிடிக்க ஒரு துண்டு பேப்பர் போதும். பேப்பரை வச்சு கதவை மூடி இழுத்துப் பாருங்க, கொஞ்சம் பிடிச்சுக்கிட்டு வரணும், வழுக்கிக்கிட்டு வந்தா அந்த இடம் ஒட்டல. சுத்திலும் பாக்கணும், முக்கியமா நாலு மூலையும், கீல் பக்கத்தையும், கீல் பக்கத்தை யாருமே பாக்கிறதில்ல. அப்புறம் காரணத்தைத் தேடுங்க. நான் பாத்த வரைக்கும் பாதி நேரம் உள்ள ஏதோ ஒரு டப்பாவோ ட்ரேயோ முன்னாடி நீட்டிக்கிட்டு கதவைத் தடுத்திருக்கும், அதை உள்ள தள்ளினா கதை முடிஞ்சுது. இல்லன்னா கேஸ்கெட் மடிப்புல பிசுக்கு. வெதுவெதுப்பான தண்ணியில கொஞ்சம் சோப்பு போட்டு மெத்துன துணியால மடிப்பு மடிப்பா துடைச்சுப் பாருங்க, ஃப்ரேம்ல அது ஒட்டுற இடத்தையும் சேத்து துடைங்க. ப்ளீச், தின்னர் மாதிரி எதுவும் வேண்டாம், பிவிசியை மெத்துன்னு வச்சிருக்கிற பொருள் போயிடும், அப்புறம் கேஸ்கெட் விறைச்சு வெடிக்க ஆரம்பிக்கும்.

அடுத்து ஃப்ரிட்ஜ் நிக்கிற நிலை. முன்னாடி இருக்கிற ரெண்டு கால்களையும் கொஞ்சம் உயர்த்தி ஃப்ரிட்ஜை லேசா பின்பக்கம் சாய்ச்சு வைக்கணும், அப்பதான் கதவு தன்னோட எடையிலயே மூடப் பாக்கும். முன்பக்கம் சாஞ்சு நின்னா எந்தக் கேஸ்கெட்டும் தாங்காது. கதவு ராக்குல பெரிய பெரிய பாட்டிலா அடுக்கி வச்சா கீல் இறங்கி கதவு தொங்கிடும், மேல் மூலை விலகும். பல மாடல்ல கீல் ஸ்க்ரூவைத் தளத்தி கதவைத் தூக்கி திரும்ப இறுக்க முடியும். கேஸ்கெட் ஒரு இடத்துல மட்டும் உள்வாங்கி இருந்தா ஹேர் ட்ரையரால இதமா சூடு காட்டி கையால இழுத்து விட்டு ஆற விடுங்க, பெரும்பாலும் பழைய வடிவத்துக்கு வந்துடும். கிழிஞ்சிருந்தா மாத்தறதைத் தவிர வழியில்ல, மாடல் நம்பரைப் பாத்து வாங்கணும், கண் அளவுல வாங்கினா மூலை கண்டிப்பா பொருந்தாது. இவ்வளவும் பாத்ததுக்கு அப்புறமும் கதவே முறுக்கிக்கிட்டு நின்னா, அப்ப கொண்டி பத்தி பேசுங்க, நான் கேக்கறேன்.

இதையெல்லாம் சொல்றதால லாட்ச்சுக்கு நான் எதிரின்னு நினைச்சுடாதீங்க. லாட்ச் இல்லாம முடியாத இடங்கள் நிறைய இருக்கு. வண்டியில, படகுல வைக்கிற ஃப்ரிட்ஜை எடுத்துக்குங்க. ஒரு வளைவுல திரும்பினா உள்ள இருக்கிற மொத்த சாமானும் கதவுல வந்து சாயும், காந்தம் அதுக்கு முன்னாடி எம்மாத்திரம்? அங்க கேஸ்கெட் அடைக்கும், லாட்ச் பிடிச்சு வைக்கும், ஆளுக்கு ஒரு வேலை. அந்த வகை லாட்ச்சுல பலதுக்கு ரெண்டு நிலை உண்டு, ஒண்ணு முழுசா பூட்டுறது, இன்னொண்ணு கதவை ரெண்டு விரல் அளவு திறந்தே பிடிச்சு வைக்கிறது, வண்டியை மாசக்கணக்கா நிறுத்தி வைக்கும்போது உள்ள பூஞ்சை பிடிக்காம காத்தோட்டத்துக்காக. மூடுறதுக்குன்னே இருக்கிற ஒரு கருவியில திறந்து வைக்கவும் ஒரு வழி வச்சிருக்கிறது எனக்கு ரொம்ப பிடிச்ச விஷயம்.

ஆய்வகங்கள்ல மைனஸ் 80 டிகிரி ஃப்ரீஸர் இருக்கும், அதுக்கு கனமான நெம்புகோல் லாட்ச்தான். அவ்வளவு குளிர்ல கேஸ்கெட் விறைச்சுப் போகும், பல அடுக்கு கேஸ்கெட் இருக்கும், அதை அமுக்க காந்தம் போதாது. முன்ன சொன்ன வெற்றிடப் பிடி அங்க ரொம்ப அதிகம், ஒரு தடவை மூடிட்டு உடனே திறக்கவே முடியாது, அதனால கதவுல அழுத்தத்தை சமன் பண்ண தனியா ஒரு சின்ன துளை, பனி அடைச்சுக்காம அதுக்கு ஒரு ஹீட்டர்கூட இருக்கும். ஆள் உள்ள நடந்து போற குளிர் அறைக்கும் லாட்ச் உண்டு, ஆனா உள்பக்கம் ஒரு தள்ளுற குமிழ் இருக்கும், இருட்டுல ஒளிர்ற மாதிரிகூட செய்யிறாங்க, வெளிய பூட்டு தொங்கினாலும் உள்ள இருந்து தள்ளினா திறந்துடும். குளிர் அறையில வேலை செய்யிறவங்க யாராவது படிச்சா, அந்தக் குமிழ் வேலை செய்யுதான்னு கதவைத் திறந்து வச்சுக்கிட்டே அடிக்கடி அமுக்கிப் பாருங்க, ஈரத்துல உறைஞ்சு மாட்டிக்கிற சாமான் அது.

வீட்டுல சின்னக் குழந்தை திறந்து திறந்து விளையாடுதுன்னு கொண்டி தேடுறவங்களும் இருக்காங்க, அது நியாயமான தேவை. அதுக்கு பசையால ஒட்டுற பட்டை வகை போதும். கேஸ்கெட்டை அது தூக்கிப் பிடிக்காம இருக்கான்னு மட்டும் அதே பேப்பர் சோதனையில பாத்துக்குங்க. இறுக்கிக் கட்டாதீங்க, கொஞ்சம் தொய்வா இருக்கட்டும், சீல் பண்ற வேலை அதோடது இல்ல. இரும்புக் கொண்டி, பூட்டுச் சங்கிலி இதெல்லாம் வேண்டாம், 15 பவுண்டு கணக்கை நாமளே நம்ம கையால அழிச்ச மாதிரி ஆயிடும். ஃப்ரிட்ஜை எப்பவாவது தூக்கிப் போடும்போதோ மொட்டைமாடியில ஓரங்கட்டும்போதோ அந்தக் கொண்டியும் கூடவேதான் போகும். அமெரிக்காவுல பல மாநிலங்கள்ல தூக்கிப் போடுற ஃப்ரிட்ஜோட கதவைக் கழட்டியாகணும், இல்லன்னா அதுவே குற்றம். சட்டம் இருக்கோ இல்லையோ கழட்டிடுங்க, மேல் கீல்ல ஒரு மூடி, அதுக்கு அடியில ரெண்டு மூணு போல்ட், அதை எடுத்துட்டா கதவு மேல் நோக்கி கையோட வந்துடும். உள்ள இருக்கிற தட்டை மட்டும் எடுக்காம விட்டுடுங்க, இடம் இல்லன்னா பிள்ளைங்க உள்ள ஏற மாட்டாங்க.

பழைய லாட்ச் ஃப்ரிட்ஜை வாங்கி பெயின்ட் அடிச்சு ஹால்ல வைக்கிற பொழுதுபோக்கு இப்ப உலகம் பூரா இருக்கு, அவங்களுக்கும் ஒரு வார்த்தை. பிடியையும் நாக்கையும் கழட்டிட்டு அந்த ரப்பர் இருந்த இடத்துல காந்த கேஸ்கெட் போட்டுக்கலாம். எனாமல் பூச்சுக்கு அடியில இருக்கிறது எஃகுங்கிறதால காந்தம் நல்லாவே பிடிக்கும், சில மாடல்ல உள் ஃப்ரேம் மட்டும் பிளாஸ்டிக்கா இருக்கும், அங்க மெல்லிசா ஒரு எஃகு பட்டை ஒட்டிக்கணும். வெளிய அந்த கைப்பிடி அப்படியே இருக்கட்டும், இழுத்தா பழைய மாதிரியே ஆடும். டக்குங்கிற சத்தம்தான் வராது, அது இல்லாம மனசு ஆறலைன்னா அந்த ஃப்ரிட்ஜை வாங்காதீங்க.